நோர்தேர்ன் மெயிலின் விலை இறங்கிய சனிக்கிழமை

1

போன கிழமை மச்சானின் கடிதம் வந்தது. மச்சான் என்றால் என் மனைவி அரசியின் தம்பி. யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். நீல ஏரோகிராமில் ஓரம், மூலை, ஒட்டுகிற மடிப்பு என்று ஒரு இடமும் விடாமல் எழுதியிருந்தார். சாரம் இவ்வளவுதான். மெல்பேர்னில் எங்களோடு இருக்கிற டொக்டரின் பெறாமகன் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். இங்குள்ள கனகசபை அண்ணையின் ஒன்றுவிட்ட தம்பியும் போட்டுவிட்டான். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். இத்தனை பேர் புறப்படுகிற இடம் பிழையான இடமாக இருக்க முடியாது. ஆகவே தானும் உத்தியோகத்தை விட்டு, காணியை விற்றுவிட்டு வருவதாக முடிவு செய்திருக்கிறார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் முதலில் கண்டுபிடித்த இடத்துக்கு ஊரே வருகிறது என்று நினைத்துக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

அரசி ஒரு தரம்தான் வாசித்தாள். மடித்து பிரிட்ஜின் மேல் வைத்தாள்.

"இதுக்குப் பதில் நீங்கள்தான் எழுதோணும். அந்த நோர்தேர்ன் மெயில் கதையை ஒண்டும் விடாமல் எழுதுங்கோ."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"எழுதிப் பாருங்கோ. எழுதேக்கை விளங்கும்."

ஏரோகிராமில் இந்தக் கதைக்கு இடம் காணாது. அதனால் இங்கே, தனித் தாள்களில் எழுதுகிறேன். ஊரில் உள்ள எல்லோரும் வாசிக்கலாம். என் மானம் மூன்று வருஷத்துக்கு முன்பே ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய்விட்டது.

2

அப்போது நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து இரண்டு வருஷம். கலர் டெலிவிஷன் வரவில்லை. குதிரை ஓட்டத்தைப் பர்லாங்கில் அளந்தவர்கள் மீற்றருக்கு மாறி, கிழவர்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்த காலம். நான் இலங்கையில் நீர்ப்பாசன இலாகாவில் எஞ்சினியர். இங்கே ஒரு கந்தோரில் பைப் கோடு கீறுகிற படவரைஞர். என் பட்டம் சரியான பட்டமா என்று ஒரு குழு பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகப் பார்த்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பட்டம் ஒரே ஒரு பக்கம்தான்.

அரசி ஊரில் பெண்கள் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவள். இங்கே பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டிக்குள் எத்தனை பிஸ்கற் விழுகிறது என்று பார்க்கிற வேலை. அதுவும் கணிதம்தான் என்பாள். அவள் சொல்கிற விதத்தில் நான் சிரிப்பதில்லை.

ஒரு வருஷப் பயிற்சி எடுத்தால் இங்கேயும் ரீச்சராகலாம் என்று ஒரு கல்லூரி இடம் கொடுத்தது. முதல் தவணைக் கட்டணம் எண்பத்துநாலு டொலர். அது என் ஒரு கிழமைச் சம்பளத்தை விழுங்கிவிடும். மாதக் கணக்காகச் சேர்த்து காசுக்கட்டளை எடுத்து அனுப்பினோம். அது திரும்பி வந்தது.

காரணம் பெயர். அவளுடைய சான்றிதழில் சு. மங்கையர்க்கரசி. சு. என்றால் சுந்தரம், அவளுடைய தகப்பன். பாஸ்போர்ட்டில் மங்கையர்க்கரசி தர்மலிங்கம். தர்மலிங்கம் நான். இரண்டும் ஒரே ஆளா என்று கல்லூரிக்குச் சந்தேகம். அரசி போன் எடுத்து விளக்கினாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு மிகவும் மரியாதையாக, "அப்படியானால் சுந்தரம் உங்கள் முதல் கணவரா?" என்றாள். என் மாமனார் இதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

கடைசியில் தீர்ப்பு இதுதான். சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு, கட்டணத்தைக் காசாகவே எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை நாலு மணிக்குள் நேரில் வரவேண்டும். தவறினால் இடம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். அடுத்த வருஷம் என்றால் இன்னும் ஒரு வருஷப் பிஸ்கற்.

காசுக்கட்டளையை மாற்றி எண்பத்துநாலு டொலரை ஒரு கடித உறையில் போட்டு, அதன் மேல் அரசி தன் கையால் 'கல்லூரி' என்று எழுதினாள்.

3

இனி என் மறுபக்கத்தைச் சொல்லவேண்டும்.

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை பிராங்க். அறுபது வயது, மெலிந்த ஆள், மத்தியானத்தில் இறைச்சிப் பணிஸ் ஒன்றும் பத்திரிகையின் குதிரைப் பக்கமும் சாப்பிடுவார். கொழும்பில் வேலை பார்த்தபோது குதிரைப் பந்தயக் காசு வாங்குகிற புக்கிக் கடைப் பக்கமே நான் போனதில்லை. அதற்குள் இருந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. ஆனால் பிராங்கின் முகம் அப்படி இல்லை. இன்சூரன்ஸ் கந்தோரில் இருந்து வருகிறவரின் முகம்.

"குதிரையைப் பார்க்காதே. பலகையைப் பார்" என்றார் ஒரு நாள்.

இங்கே ஓட்ட மைதானத்தில் புக்கிகள் வரிசையாக ஸ்டூலில் ஏறி நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உயரமாக ஒரு பலகை. அதில் குதிரைகளின் பெயர், பெயருக்கு எதிரே ஒரு எண். பன்னிரண்டு என்று இருந்தால், வென்றால் ஒரு டொலருக்குப் பன்னிரண்டு டொலர் தருவார். இந்த எண் நின்ற இடத்தில் நிற்காது. ஒரு குதிரைக்குக் காசு வந்து விழ விழ, அது வென்றால் தன் காசு போய்விடும் என்று புக்கி உஷாராவார். திருகியைத் திருப்பி எண்ணை இறக்குவார். பன்னிரண்டு பத்தாகும், பத்து எட்டாகும். யாரும் தொடாத குதிரையின் எண் ஏறிக்கொண்டு போகும்.

"குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கும் தெரியாது" என்றார் பிராங்க். "ஆனால் தெரிந்தவன் ஒருவன் எங்கேயோ இருக்கிறான். லாயத்தில் வேலை செய்கிறவன், குதிரைக்காரனின் மைத்துனன். அவன் காசைப் போட்டால் பலகை அசையும். அசையத் தொடங்கும்போதே நீயும் போட்டுவிடவேண்டும். முழுக்க இறங்கிய பிறகு போடுகிறவன் மடையன்."

அதைவிட முக்கியமானது காசுக் கட்டுப்பாடு. பந்தயத்துக்கென்று ஒரு தொகையைப் புறம்பாக வைக்கவேண்டும். ஒரு தரம் போடுவது அதில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டும். தோற்றால் அடுத்ததில் கூட்டிப் போடக்கூடாது. வென்றாலும் கூட்டிப் போடக்கூடாது. வேறு ஏதாவது காரியத்துக்கென்று பெயர் வைத்த காசைத் தொடவே கூடாது.

இதைக் கேட்டபோது எனக்கு உடனே பிடிபட்டது. இது சூதாட்டம் இல்லை, நீர்ப்பாசனம். குளத்து நீரை மதகுக்கு இவ்வளவு என்று அளந்து திறக்கிற அதே கணக்கு. இரண்டு வருஷமாக இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு காரியத்தை யாரும் செய்யக் கேட்கவில்லை. இப்போது கேட்டார்கள்.

அரசியிடம் சொன்னேன். ஒளிக்கவில்லை. நூறு டொலரைப் பால்மா ரின்னில் போட்டோம், முழுக்க இரண்டு டொலர்த் தாள்களாக. சனிக்கிழமைகளில் ஐந்து தாள் எடுத்துக்கொண்டு போவேன். ஒரு கொப்பியில் கோடு கீறி, குதிரை, தொடக்க விலை, போட்ட விலை, முடிவு விலை, லாபம், நட்டம் எல்லாம் எழுதினேன். ஒரு வருஷத்தில் ரின்னில் நூற்றுப் பதின்மூன்று டொலர் ஆகியிருந்தது. பதின்மூன்று டொலர் லாபம் என்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு அணைக்கட்டுக் கட்டி முடித்தபோது கூட அப்படி நடக்கவில்லை.

4

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் வெள்ளி.

மெல்பேர்னில் அப்போது எங்கள் ஆட்கள் என்று ஒரு கைப்பிடி குடும்பங்கள். வெள்ளி பின்னேரம் டொக்டரின் வீட்டில் கூட்டுப் பிரார்த்தனை. டொக்டர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், பெரிய மனிதர். தேவாரம் அவர்தான் தொடங்குவார். பிரார்த்தனை முடிந்து சுண்டல் வரும்வரைக்கும் ஆண்கள் வெளி விறாந்தையில் நின்று உலகத்தைத் திருத்துவோம்.

அன்றைக்கு மத்தியானம் பிராங்க் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். நாளைக்கு நாட்டுப்புறத்தில், ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் போகிற ஒரு சின்ன மைதானத்தில் ஓட்டம். மூன்றாவது ஓட்டத்தில் ஒரு குதிரை இருக்கிறது. தொடக்கத்தில் பன்னிரண்டு விலை இருக்கும். அது இறங்கினால் போடு, இறங்காவிட்டால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வா. தன்னால் வர முடியாது, மகளின் வீட்டுக்குப் போகவேண்டும்.

குதிரையின் பெயர் நோர்தேர்ன் மெயில்.

கொழும்பில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தானுக்கு இந்தப் பெயர் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லீவு கிடைத்த அன்றிரவு கொழும்புக் கோட்டையில் அதே பெயருள்ள மெயில் கோச்சியில் ஏறி, விடிய ஊரில் இறங்கின ஆட்கள் நாங்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கனகசபையின் காதில் சொன்னேன்.

கனகசபை கணக்காளர். தன் சம்பளம் எவ்வளவென்று தன் பெண்சாதிக்கே சொல்லாத மனுஷன். அவரிடம் சொல்வது கிணற்றில் போடுவது மாதிரி என்று நினைத்தேன்.

"விலை இறங்கினால் மட்டும்தான் அண்ணை. இறங்காட்டித் தொடக்கூடாது. ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

"எனக்கேன் இந்தக் குதிரை விளையாட்டு" என்றார் கனகசபை, சுண்டலை வாயில் போட்டபடி. "சும்மா கேக்கிறன். எந்த ஸ்ரேஷனில இறங்கிறது?"

5

சனி காலை சமாதான நீதவானிடம் போனேன். அவர் எங்கள் வீதி முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். இருமல் மருந்துக்கும் சத்தியக் கடதாசிக்கும் ஒரே வரிசை. எனக்கு முன்னால் ஒரு கிழவி தன் முழங்காலைப் பற்றி விரிவாக விளக்கிக்கொண்டிருந்தாள். கையெழுத்து வாங்கியபோது ரயிலுக்குப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. சத்தியக் கடதாசியும் 'கல்லூரி' என்று எழுதிய உறையும் என் கோட்டின் உள் பையிலேயே இருந்தன. ஸ்ரேஷன் பப்ளிக் போனில் அரசியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காசு?"

"பையிக்குள்ளை பத்திரமா இருக்கு. பந்தயக் காசு வேற பொக்கற்றில."

"சரி. போயிட்டு வாங்கோ."

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு வருஷமாக என் கொப்பியைப் பார்த்தவள். ஒரு தரம்கூட இரண்டு டொலருக்கு மேல் நான் போட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த 'சரி' இன்னமும் எனக்குச் சுடும்.

சின்ன மைதானம். எட்டே புக்கிகள், இரண்டு வரிசை. சுற்றிவர மாட்டுத் தரை. முதல் இரண்டு ஓட்டத்தில் விதிப்படி நடந்தேன். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது, காசு போட்ட இடத்திலேயே நின்றது. மூன்றாவது ஓட்டத்துக்குப் பலகையில் பெயர்கள் ஏறின. நோர்தேர்ன் மெயில், பன்னிரண்டு.

அப்போதுதான் டொக்டரைக் கண்டேன்.

தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு, கம்பளி மவ்ளர் ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வேலி ஓரமாக நடந்துகொண்டிருந்தார். என் கால் என்னைக் கேட்காமலே என்னைத் தேத்தண்ணீர்க் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. நேற்றுப் பின்னேரம் இவருக்குப் பின்னால் நின்று தேவாரம் பாடினவன் நான். என்னை இங்கே கண்டால் என்ன நினைப்பார்? அவர் ஏன் இங்கே வந்தார் என்று எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. வயசான மனுஷன், நாட்டுப்புறக் காற்று வாங்க வந்திருப்பார் என்று நினைத்தேன். படித்தவன் முட்டாளாகும்போது முழுக்க ஆகிறான்.

கூடாரத்துக்குப் பின்னால் நின்றால் சனம் தெரியாது. சனத்தின் தலைக்கு மேலே நிற்கிற பலகைகள் மட்டும் நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு பத்தாயிற்று.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பலகையிலும் பத்து. பிறகு எட்டு. தெரிந்தவன் வந்துவிட்டான். தொப்பியைச் சரித்துக்கொண்டு ஓடிப்போய், பின் வரிசையில் கடைசிப் புக்கியிடம் இரண்டு டொலரை எட்டில் போட்டுவிட்டு, மறுபடி கூடாரத்துக்குப் பின்னால் வந்துவிட்டேன். கொப்பியில் எழுதினேன். அன்றைய வேலை அதோடு முடிந்தது. அங்கேயே ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கவேண்டும்.

எட்டு ஆறாயிற்று.

ஒரு வருஷத்தில் நான் இப்படி ஒரு இறக்கத்தைப் பார்த்ததில்லை. பாதியாகிவிட்டது. லாயத்தில் உள்ளவனும் மைத்துனனும் மாமனும் சேர்ந்து போடுகிறார்கள் என்று தோன்றியது. என் தலைக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது, மிகவும் சுத்தமான கணக்கு. ரின்னில் ஐம்பதில் ஒரு பங்கு என்பது சாதாரண நாளுக்கு வைத்த விதி. இது சாதாரண நாளா? எண்பது டொலர் போட்டால் நானூற்றெண்பது. கட்டணம் முழு வருஷத்துக்கும் கட்டலாம். அரசிக்கு ஒரு குளிர்கோட்டு வாங்கலாம். பிஸ்கற்றை நாளைக்கே விட்டுவிடலாம். நான் பேராசைப்படவில்லை என்றும், குடும்பத்துக்காகச் செய்கிறேன் என்றும் எனக்கே சத்தியக் கடதாசி முடித்துக்கொடுத்தேன்.

நான் புக்கியிடம் போனபோது விலை ஐந்து. முழுக்க இறங்கிய பிறகு போடுகிறவன் மடையன் என்று பிராங்க் சொன்னது நினைவில் இருந்தது. நினைவில் இருந்தபடியே போட்டேன். உறையைக் கிழித்தபோது 'கல்லூரி' என்ற எழுத்து சரி நடுவில் கிழிந்தது.

6

நோர்தேர்ன் மெயில் ஒன்பது குதிரையில் ஐந்தாவதாக வந்தது. ஓட்டமென்றும் சொல்ல முடியாது, நடையென்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஸ்ரேஷனிலும் நின்று ஆள் ஏற்றி இறக்கி வருகிற மாதிரி வந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. கையைக் கோட்டின் உள் பையில் விட்டேன். பையில் சத்தியக் கடதாசி மட்டும் மொடமொடவென்று இருந்தது. சுந்தரத்தின் மகளும் தர்மலிங்கத்தின் மனைவியும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்த கடதாசி. அவளுடைய காசை அவளுடைய புருஷன் என்ன செய்தான் என்று அதில் எழுதவில்லை.

மிச்ச ஓட்டங்களுக்கு நிற்கவில்லை. ஸ்ரேஷனுக்கு நடந்தேன். சின்ன பிளாற்போம், ஆட்கள் இருக்க ஒரே ஒரு நீள வாங்கு. வாங்கில் கனகசபை இருந்தார். பக்கத்தில் டொக்டர், மவ்ளரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அதற்கடுத்ததாக டண்டினோங்கில் இருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், வெள்ளிக்கிழமை மிருதங்கமும் தாளமும் போடுகிறவர்கள். நாலு பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் வாங்கின் நுனியில் இருந்தேன். பிரார்த்தனைக் கூட்டம் முழுக்க வந்துவிட்டது.

கடைசியில் டொக்டர்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி தர்மலிங்கம், நிச்சயம் வெல்லும் எண்டு நீர் சொன்னதாக் கனகசபை சொன்னார்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை டொக்டர். விலை இறங்கினால் எண்டுதான் சொன்னனான்."

டொக்டர் கனகசபையைப் பார்த்தார். கனகசபை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"அதை நான் சொல்ல மறந்துபோனன்" என்றார் கனகசபை. "டொக்டர் எனக்குப் பிரஷர் பாத்துக்கொண்டிருந்தவர். கையில பட்டி இறுகேக்கை எல்லாம் விவரமாச் சொல்ல ஏலுமே?"

"எங்களுக்கு டொக்டர் சொன்னவர்" என்றார் டண்டினோங் அண்ணன். "ஊர்க் கோச்சியின்ரை பேர், கைவிடாது எண்டவர்."

"விலை இறங்கினதுதானே" என்றேன் நான். எனக்கு இன்னும் விளங்கவில்லை. "அரைவாசிக்கு மேல இறங்கினது. ஆரோ தெரிஞ்சவன் போட்டிருக்கிறான்."

"எனக்கு முழு விலை கிடைச்சது" என்றார் டொக்டர், அந்த நிலையிலும் சிறிது பெருமையோடு. "நாப்பது டொலர் குடுத்தன். குடுத்த உடனை அவன் திருகிப் பத்தாக்கினான்."

"நான் போய்க் குடுக்க எட்டாக்கினவன்" என்றார் கனகசபை.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாக் குடுத்தனாங்கள்" என்றார் தம்பி. "அவன் எங்களை ஒரு மாதிரிப் பாத்திட்டு ஆறாக்கினான். ஐஞ்சாக்கினது ஆர் எண்டுதான் தெரியேல்லை. அண்ணன் திரும்பப் போய் ஒரு பத்துப் போட்டவர், அதுக்காயிருக்கும்."

பத்து, எட்டு, ஆறு, ஐந்து. கூடாரத்துக்குப் பின்னால் நின்று நான் பார்த்த அதே எண்கள், அதே வரிசையில், ஒரு வாங்கில் அடுத்தடுத்து இருந்தன. தெரிந்தவன் என்று நான் நம்பி ஓடின ஆட்கள் இவர்கள். இவர்கள் நம்பி வந்தது என்னை. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் சிரித்தேன். சிரிக்கிற நேரமில்லை என்று தெரியும், அடக்க முடியவில்லை. டொக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

7

வீட்டுக்கு வந்தபோது அரசி குசினியில் லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஏழு வயதான எங்கள் மகள் வதனி மேசையில் பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த உறையையும், அதில் மிஞ்சின நாலு டொலரையும் மேசையில் வைத்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"அந்தக் கொப்பியைத் தாங்கோ."

கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"ரயில் காசு எங்கை?"

"எது?"

"போற வாற ரயில் காசு. கேற்றில குடுக்கிற காசு. தேத்தண்ணி. ஒண்டும் எழுதேல்லை."

அதை எழுத வேண்டும் என்று ஒரு வருஷத்தில் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் நாற்பது சனிக்கிழமையையும் பெருக்கிக் கூட்டிக் கழித்தாள். என்னுடைய பதின்மூன்று டொலர் லாபம் பென்சிலின் நுனியில் காணாமல் போனது. அதற்குக் கீழே வேறொரு எண் வந்தது, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. அணைக்கட்டு நடை நடந்தவன் அதை நின்றுகொண்டு பார்த்தேன்.

பிறகு அவள் எழும்பிப்போய்ப் பால்மா ரின்னை எடுத்துவந்தாள்.

"இதில நூற்றுமூண்டு இருக்கு" என்றாள். "எண்பது எடுக்கிறன். அந்த நாலையும் தாங்கோ."

குடும்பக் காசை எடுத்துப் பந்தயத்தில் போடலாம் என்று ஒரு நிமிஷத்தில் தோன்றின எனக்கு, பந்தயக் காசை எடுத்துக் குடும்பத்துக்குப் போடலாம் என்று ஒன்றரை மணித்தியால ரயிலில் தோன்றவேயில்லை. விதி அவ்வளவு நன்றாகப் பாடமாகியிருந்தது.

"என்னிலை கோபமில்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "போட்டதுக்கில்லை. உந்தப் பலகை அசையிறதைப் பாத்தீங்கள். ஆர் அசைக்கிறதெண்டு ஒருக்கால் எட்டிப் பாத்திருக்கலாம். டொக்டர் கண்டால் வெக்கம் எண்டு பின்னால ஒளிச்சு நிண்டிருக்கிறீங்கள். அந்த வெக்கத்துக்கு நான் இன்னுமொரு வருஷம் பிஸ்கற் எண்ண இருந்தனான்."

சொல்லிமுடிக்கவும் அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஊரை விட்டு வந்த நாளில் இருந்து அன்றைக்குத்தான் அவள் அழுததைப் பார்த்தேன். வதனி பென்சிலை வைத்துவிட்டு, "வை இஸ் அம்மா கிரையிங்?" என்று கேட்டாள். அரசி கண்ணைத் துடைத்துவிட்டு, "வெங்காயம்" என்றாள். வெட்டினது லீக்ஸ்.

திங்கட்கிழமை கல்லூரிக் கந்தோரில் நாற்பது பச்சைத் தாளையும் நாலு டொலரையும் அந்தப் பெண் எச்சில் தொட்டு எண்ணினாள். சத்தியக் கடதாசியை இரண்டு பக்கமும் பார்த்தாள். "இவ்வளவு இரண்டு டொலர்த் தாளா, தேநீர்ச்சாலை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அரசி "இல்லை, என் கணவர் நீர்ப்பாசன எஞ்சினியர்" என்றாள். இங்கே வந்த பிறகு அவள் அப்படி ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

8

அரசி இப்போது ஒரு உயர்தரப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் அவளை மிஸிஸ் டி என்கிறார்கள். முழுப் பெயரைச் சொல்லிமுடிக்க மணி அடித்துவிடுமாம். நிகழ்தகவுப் பாடத்துக்கு என் கொப்பியைக் கொண்டுபோவாள், ரயில் காசுப் பக்கத்தோடு. நான் இன்னும் பைப் கோடுதான் கீறுகிறேன். குழு இன்னும் பார்க்கிறது.

இதெல்லாம் எழுதி முடித்து, அவளிடம் நேற்றுக் காட்டினேன். மச்சானின் ஏரோகிராமையும் பிரிட்ஜின் மேலிருந்து எடுத்துவந்தேன்.

"இப்ப என்ன சம்பந்தம் எண்டு சொல்லும்."

அவள் கடிதத்தில் ஒவ்வொரு பெயராக விரலை வைத்தாள்.

"டொக்டரின்ரை பெறாமகன். அவனுக்கு ஆர் எழுதினது?"

"டொக்டர்."

"கனகசபை அண்ணையின்ரை தம்பிக்கு?"

"கனகசபை."

"என்ரை தம்பிக்கு?"

நான்தான் எழுதினேன். கலர் டெலிவிஷன் வாங்கினதை எழுதினேன். அக்கா ரீச்சராகிவிட்டாள் என்று எழுதினேன். பிஸ்கற்றை எழுதவில்லை, குழுவை எழுதவில்லை, மகள் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்வதை எழுதவில்லை. எண்பது டொலர் போன அதே மாதம் ஊருக்குப் போட்ட கடிதத்தில் நான் எழுதியது 'எல்லோரும் சுகம், அரசி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.' அதுவும் உண்மைதான். கேற்றுக் காசை மட்டும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை வாசித்து, இத்தனை பேர் வருகிறார்கள், நான் தேர்ந்த இடம் சரி என்று போன கிழமை முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் கூடாரத்துக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன்.

ஆகவே இன்று காலை ஒரு ஏரோகிராம் வாங்கிவந்தேன். ஓரத்தில் எழுதாமல், நடுவில், பெரிய எழுத்தில் எழுதினேன். மச்சான், காணியை விற்க முதல் தனியாக வருகிற இந்தக் கதையை முழுக்க வாசியும். வாசித்த பிறகும் வர மனமிருந்தால் வாரும், கட்டில் போட இடம் இருக்கிறது, அக்கா சந்தோஷப்படுவா. ஆனால் எங்களைப் பார்த்து வராதையும். நீங்கள் எல்லோரும் வருவதைப் பார்த்துத்தான் நாங்கள் எங்களுக்கே தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.